நீராடும் இளையோர்க்கு விதித்த நெறிகள்

பினாங்குத் தீவின் கீழைக் கரையில் அமைந்த ஊர் கெலுகோர். மீன் குழம்புக்குப் புளிப்பூட்ட மலாய் மக்கள் இடும் 'ஆசாம் கெலுகோர்' என்னும் காயைத் தரும் மரத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று என்பர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கே பெருந்தோட்டம் அமைத்து வாழ்ந்தார். பிரிட்டிஷ் படையினர் தங்கியிருந்த மிண்டன் முகாம், 1969-இல் தோன்றிய அறிவியற் பல்கலைக்கழகத்தின் வளாகமாகப் பின்னர் மாறிற்று. 1985-இல் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலம் இவ்வூர்க் கரையிலிருந்தே பெருநிலத்தை நோக்கிப் புறப்படுகிறது. வீட்டு வாயிலில் நின்றால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் ஊர் இது.

கடலை அடுத்து வாழும் நம் குடும்பங்களில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இவ்வினாவை ஒவ்வொரு வீட்டாரும் தம்மையே கேட்டுக்கொள்வது நன்று. 'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்பதுதான் பெரும்பாலும் நம் வீடுகளில் பிள்ளை கேட்கும் முதற் கட்டளை. 'நீரில் கண்டம் இருக்கிறது' என்று சாதகத்தைக் காட்டி அக்கட்டளைக்கு வலுவூட்டுவோரும் உண்டு. நீச்சற் சங்கத்தில் இளம் உறுப்பினனாகச் சேரும் சிறுவன் கையிலோ வேறொரு கட்டளைத் தொகுதி தரப்படுகிறது. குளித்துவிட்டு இறங்கு, கரையில் ஓடாதே, பிறரைத் தள்ளாதே, ஊதல் ஒலித்தால் நில், சொல்லாமல் வெளியேறாதே என்று அது செல்கிறது.

வீட்டின் கட்டளை நீரை விலக்குகிறது. சங்கத்தின் கட்டளை நீருக்குள் அழைத்துச் சென்று, அங்கே எப்படி நடப்பது என்று கூறுகிறது. இவ்விரண்டாவது வகைக் கட்டளைகள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவை நீரின் இயல்பிலிருந்து பிறந்தவை, எவை மனிதரின் செருக்கிலிருந்து பிறந்தவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளையைச் சங்கத்தில் சேர்க்க எண்ணும் பெற்றோர்க்கு இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் வேண்டும்.

முள்ளியார் வகுத்த விதி

நீரில் நடந்துகொள்ளும் முறையை வெள்ளையர்தாம் நமக்குக் கற்பித்தனர் என்று எண்ண வேண்டா. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையில் அதற்கென ஒரு பாட்டே உண்டு. வண்கயத்தூர்ப் பெருவாயின் முள்ளியார் இயற்றிய அந்நூல் நூறு வெண்பாக்களால் ஆனது. துயிலெழுதல், உண்ணல், உடுத்தல், பெரியோர் முன் நிற்றல் என அன்றாட ஒழுக்கங்களைத் தொகுத்துரைப்பது. நெறியுடையோர் நீராடும் பொழுது நீந்தமாட்டார், நீரில் உமிழமாட்டார், அமிழ்ந்து திளைக்கமாட்டார், விளையாடமாட்டார், தலையை நனையாமல் விட்டு உடலை மட்டும் நனைக்கவும் மாட்டார் என்பது அப்பாட்டின் கருத்து.

இன்றைய சங்கத்து அறிவிப்புப் பலகையை இதன் அருகே வைத்துப் பார்த்தால் வியப்புத் தோன்றும். நீரில் உமிழ்வதை இரண்டும் விலக்குகின்றன. ஆரவார விளையாட்டை இரண்டும் விலக்குகின்றன. ஆனால் முள்ளியார் முதலாவதாக விலக்கியது எதுவோ, அதைச் செய்வதற்காகவே சங்கம் கூடுகிறது!

இதற்காக முள்ளியாரைக் குறைகூறுவது முறையன்று. அவர் பேசியது தூய்மை கருதிய நீராட்டைப் பற்றி. ஊர்ப் பொதுத்துறையில் ஒருவன் கலக்கிய நீரை அடுத்தவன் பயன்படுத்த நேரும். ஆதலின் உமிழாமையும் கலக்காமையும் பிறர்மேற் கொண்ட மதிப்பின் அடையாளங்கள். நீராடும் துறை வேறு, நீந்தும் மடு வேறு என்ற பாகுபாட்டை மறந்து, 'நல்ல பிள்ளைகள் நீந்தமாட்டார்கள்' என்று பின்வந்தோர் பொருள் கொண்டால் அதற்கு அவர் பொறுப்பாளி ஆகார்.

பழந்தமிழர் நீந்தியதற்குச் சான்று வேண்டுவோர் புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பார்க்கலாம். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் பாடியது அது. கோலூன்றி நடந்து, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைத்து இரங்குகிறார். நீர்த்துறையை அடுத்துத் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்மடுவில் குதித்து, அடியிலிருந்த மணலை அள்ளிவந்து காட்டிய நாட்கள் அவர் கண்முன் நிற்கின்றன. அந்த இளமை இப்போது எங்கே என்பது அவர் ஏக்கம்.

மற்றொரு கதையையும் உடன் நினைக்க வேண்டும். சோழன் கரிகாலனின் மகள் ஆதிமந்தியின் கணவன் ஆட்டனத்தி. புனலாட்டில் வல்லவன் எனப் பெயர் பெற்ற அவனையே காவிரி வெள்ளம் கொண்டுசென்றது. வல்லவனுக்கும் நீர் சலுகை காட்டாது என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். அதனால்தான் கிணற்றிலும் குளத்திலும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிய பெரியோர், முதலில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டினர். கயிற்றின் ஒரு முனையைத் தம் கையில் வைத்துக்கொண்டனர். ஏட்டில் எழுதாவிட்டாலும் அதுவும் ஒரு விதித்தொகுதியே. கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இறங்கக்கூடாது என்பது அதன் முதல் விதி.

சங்கங்கள் தோன்றிய வரலாறு

இன்றைய சங்க விதிகளின் நேரடி மூலத்தைக் காண நாம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். தொழில் நகரங்களில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர், நோய்கள் பரவின. 1846-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பொதுக் குளியலிடங்களை நகராண்மையினர் அமைக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அதன் நோக்கம் விளையாட்டன்று, தூய்மை. அக்குளங்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகளும் இருந்தன. நீரைத் தூய்மை செய்யும் மருந்து வழக்குக்கு வராத அக்காலத்தில், ஒருமுறை நிரப்பிய நீரைச் சில நாட்கள் கழித்தே மாற்றினர். நாளாக ஆக நீர் கலங்கும். நுழைவுக் கட்டணமும் குறையும்! 'குளித்துவிட்டு இறங்கு' என்ற விதி அத்தகைய குளங்களின் பிள்ளை.

பின்னர் நீச்சல் ஒரு போட்டி விளையாட்டாயிற்று. 1869-இல் லண்டன் நகரச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பொது விதிகளை வகுக்கத் தொடங்கின. 1891-இல் வில்லியம் ஹென்றி முதலானோர் உயிர்காப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். நீந்தக் கற்றவன் தன்னைக் காத்துக்கொண்டால் மட்டும் போதாது. பிறரையும் காக்கக் கற்க வேண்டும் என்ற கொள்கை அதன்வழிப் பரவிற்று. 1908-இல் உலக நீச்சற் சம்மேளனம் லண்டனில் தோன்றியது. தூய்மை, போட்டி நேர்மை, உயிர்காப்பு என்னும் மூன்று ஊற்றுகளிலிருந்தே இளையோர்க்கான சங்க விதிகள் பெரும்பாலும் பிறந்தன எனலாம்.

ஆனால் கடல் கடந்து கீழை நாடுகளுக்கு வந்தபோது அவ்விதிகளோடு நான்காவது ஒன்றும் சேர்ந்துகொண்டது.

வாயிலில் நின்ற தடை

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் நீச்சற் சங்கம் கண்டனர். பம்பாயில் பிரீச் கேண்டி நீச்சலகம் 1876-இலும், கல்கத்தா நீச்சற் சங்கம் 1887-இலும், சிங்கப்பூர் நீச்சற் சங்கம் 1894-இலும் தோன்றின. நம் பினாங்கில் 1903-இல், தீவின் வடகரையில் தஞ்சோங் பூங்காவில், பினாங்கு நீச்சற் சங்கம் எழுந்தது. அவை ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியவையாய் இருந்தன. அச்சங்கத்துக் குளத்தில் ஓர் ஆசியச் சிறுவன் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வான் என்ற வினாவே எழவில்லை. அவன் வாயிலைத் தாண்டக் கூடாது என்பதே அவனுக்குரிய ஒரே விதி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நாடு விடுதலை பெற்ற பின்னும் 1960-கள் வரை இத்தடை நீடித்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

வெள்ளையரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. நீரைத் தீண்டும் உரிமையை மனிதனுக்கு மறுக்கும் கலையில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள். ஊர்க் குளங்களும் கிணறுகளும் நம் மக்களுள் ஒரு பகுதியினர்க்கு அடைபட்டே கிடந்தன. பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள் யாவும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது 1924-இல். மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தம் மக்களுடன் இறங்கி நீர் அருந்தியது 1927 மார்ச்சு 20-ஆம் நாள். தமிழகத்தில் ஊர்க்குளம் மறுக்கப்பட்டவர்களின் மக்கள் பலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். இங்கே நீச்சற் சங்கத்தின் வாயிலும் மூடியிருக்கக் கண்டனர்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். 1919 ஜூலை 27-இல் அமெரிக்காவின் சிகாகோ நகர ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நீரில் விளையாடிக்கொண்டிருந்தான். வெள்ளையர் நீராடும் பகுதிக்கும் மற்றவர் பகுதிக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத எல்லையொன்று இருந்தது. மிதந்தவாறே அவன் அதைக் கடந்தான். கரையிலிருந்து கல்லெறிந்தார்கள், அவன் மூழ்கி இறந்தான். அதையடுத்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். ஆஸ்திரேலியாவின் மோரீ என்னும் ஊரில் பழங்குடிப் பிள்ளைகளை நகராண்மைக் குளத்தில் சேர்ப்பதில்லை. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்க்கின்ஸ் என்னும் பழங்குடி மாணவத் தலைவர், சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்களுடன் பேருந்தில் அவ்வூருக்குச் சென்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்குளத்தின் வாயிலில் நின்றார். பெரும் எதிர்ப்புக்கிடையே அவ்வாயில் திறந்தது.

நீரின் இயல்பிலிருந்து பிறந்த விதி எந்த நிறத்தவர்க்கும் ஒன்றே. வழுக்கும் தரை வெள்ளைக்காரச் சிறுவனுக்கும் வழுக்கும். தமிழ்ச் சிறுவனுக்கும் வழுக்கும். இன்னார் இறங்கக்கூடாது என்னும் விதிக்கோ நீரில் வேர் இல்லை. ஒரு விதி நல்லதா என்று அறிய இதைவிட எளிய சோதனை வேறில்லை.

மூடிய வாயிலுக்கு விடை

மூடிய வாயிலின் முன் சீனர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் 1905-இல் தொடங்கிய ஒரு சிறு குழு, சில ஆண்டுகளிற் சீன நீச்சற் சங்கமாயிற்று. பினாங்கிலும் அதே தஞ்சோங் பூங்காக் கரையில் 1928-இல் சீன நீச்சற் சங்கம் எழுந்தது. சிங்கப்பூரில் 1931-இல் நகராண்மையினர் எமிலிக் குன்றில் பழைய நீர்த்தேக்கத்தைப் பொது நீச்சற்குளமாக மாற்றித் திறந்தனர். கட்டணம் செலுத்தும் எவரும் இறங்கலாம் என்ற நிலை அங்ஙனம் தோன்றிற்று. 1951-இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரின் நியோ சுவீ கோக் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். வாயில் திறந்தால் வீரர் தோன்றுவர் என்பதற்கு அது சான்று.

தமிழருள் பெரும்பாலோர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்தவர்கள். சங்கக் கட்டணம் அவர்களுக்கு எட்டாக் கனி. அவர்தம் பிள்ளைகளுக்கு வாய்த்தவை ஆறும் கால்வாயும், ஈயம் எடுத்தபின் கைவிட்ட சுரங்கக் குட்டைகளுந்தாம். சுரைக்குடுக்கையும் கயிறு பிடிக்கும் தாத்தாவும் ஊரிலேயே தங்கிவிட்டனர். கற்பிக்க ஆளில்லாத நிலையில், பெற்ற தாய் தன் பிள்ளைக்குத் தரக்கூடிய பாதுகாப்பு 'போகாதே' என்ற ஒரு சொல்லே. அக்கட்டளையை அறியாமை என்று இகழ்வது எளிது. அது வறுமையின் விதி என்றே யான் கருதுகிறேன். வறுமை குறைந்த பின்னும் விதி மட்டும் மாறாமல் நிற்பதுதான் வருந்தத்தக்கது.

வாய்ப்புக் கிடைத்த இடத்தில் தமிழர் நீச்சலில் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். இலங்கையின் வடகரையைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையை இருமுறையும் நீந்தி, சென்று மீண்டார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. 1994-இல் ஈரோட்டுக் குற்றாலீசுவரன் பதின்மூன்று வயது நிரம்புமுன்னரே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தான். ஆனந்தனின் முடிவு நமக்கு மீண்டும் ஆட்டனத்தியை நினைவூட்டுகிறது. திறமை விதியைத் தளர்த்துவதில்லை.

நீர் விதித்தவை

இனி, இளம் உறுப்பினர்க்குச் சங்கங்கள் பொதுவாக விதிக்கும் நெறிகளையும் அவற்றின் காரணங்களையும் பார்ப்போம். காரணம் அறியாத பிள்ளை, பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கும் வரைதான் கீழ்ப்படியும். காரணம் அறிந்த பிள்ளை ஆளில்லாத இடத்திலும் கீழ்ப்படியும்.

இறங்குமுன் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். குளத்து நீரைத் தூய்மை செய்யக் குளோரின் சேர்க்கிறார்கள்; 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால் வேறொரு காரப்பொருள் உண்டாகிறது. கண் எரிவதும் மூக்கை உறுத்தும் நெடியும் பெரும்பாலும் அதனாலேயே. 'மருந்து அதிகம்' என்று நாம் பழிக்கும் குளத்தில், உண்மையில் அழுக்கே அதிகம். முள்ளியார் இதைக் கேட்டால் மகிழ்வார்.

கரையில் ஓடக்கூடாது. ஈரத் தரையில் வழுக்கி விழுபவனின் தலை, குளத்தின் விளிம்பில்தான் பெரும்பாலும் மோதும். ஆழமற்ற பகுதியில் தலைகீழாகப் பாயக்கூடாது. அடித்தரையில் தலை மோதினால் கழுத்தெலும்பு முறியும். கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலற்றுப் போகவும் நேரும். மருதக்கிளையிலிருந்து பாய்ந்த சிறுவன் மடுவின் ஆழம் அறிந்து பாய்ந்தவன் என்பதை மறக்கலாகாது.

நீருக்கடியில் மூச்சடக்கிப் பந்தயம் கட்டக்கூடாது. அடிமணலை அள்ளிவரும் ஆசை இன்றும் சிறுவரை விடவில்லை. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது உடலில் சேரும் கரியமிலவாயு, உயிர்வளியின் குறைவன்று. பலமுறை ஆழ்ந்து மூச்சிழுத்து விட்டபின் மூழ்குபவனுடைய உடலில் கரியமிலவாயு குறைந்துவிடும். உயிர்வளி தீர்ந்த பின்னும் எச்சரிக்கை வராது. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையும் அரவமின்றி அடியிலேயே மயங்கிவிடுவான்.

'காப்பாற்றுங்கள்' என்று விளையாட்டுக்குக் கூவக்கூடாது. புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய இடைச்சிறுவன் கதையை நாம் அறிவோம். நீரில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பிராங்க் பியா என்னும் அமெரிக்க உயிர்காப்பாளர், மூழ்குவோரைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970-களில் ஓர் உண்மையை வெளியிட்டார். மெய்யாக மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. கையசைத்து அழைப்பதும் இல்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. சிறு பொழுது நிமிர்ந்தபடியே தத்தளித்து, ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுவர். ஆதலின் அமைதியாக இருக்கும் தோழனையே கவனிக்க வேண்டும்.

மூழ்குபவனைக் காக்க நீரில் குதிக்கக்கூடாது. உயிருக்குத் துடிப்பவன் எட்டியதைப் பற்றி அழுத்துவான், இருவரும் மூழ்குவர். கம்பையோ துண்டையோ நீட்டு, மிதவையை எறி, உரக்கக் கூவிப் பெரியவர்களை அழை. இளையோர்க்கு அவ்வளவே கடமை.

பயிற்சித் தடத்தில் சங்கம் வகுத்த திசையிலேயே சுற்றிவர வேண்டும். முன்னால் செல்பவனுக்கும் தனக்கும் இடைவெளி விட வேண்டும். விரைந்து வருபவன் பாதத்தை மெல்லத் தொட்டால், சுவரை அடைந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். விரைபவன் மெதுவாகச் செல்பவனை எள்ளக்கூடாது. நேற்றுவரை அவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலடித்தவனே. பயிற்சியாளரிடம் சொல்லாமல் நீரைவிட்டு வெளியேறக் கூடாது. ஒரு தலை குறைந்தால் அவர் அடித்தரையில் தேடத் தொடங்க வேண்டும் என்பதை நினைத்தால் இவ்விதியின் கனம் விளங்கும்.

உடை பற்றியும் ஒரு சொல். பருத்திச் சட்டையும் தளர்ந்த பாவாடையும் நீரை உண்டு கனத்து உடலைக் கீழே இழுக்கும். ஆதலின் உடலோடு ஒட்டிய நீச்சலுடை வேண்டும் என்கிறார்கள். அவ்வுடை உடலின் எவ்வளவு பகுதியை மூட வேண்டும் என்பது பற்றி நீருக்கு ஒரு கருத்தும் இல்லை. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சலுடைகள் இன்று இந்நாட்டில் எளிதாகக் கிடைக்கின்றன. உடையைக் காரணம் காட்டிப் பெண் குழந்தையை மட்டும் கரையில் நிறுத்தும் வீட்டார் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கடல் ஆண் பெண் பார்ப்பதில்லை.

பெரியோர்க்கும் விதி

நெடுங்காலம் சங்க விதிகள் யாவும் சிறுவரை நோக்கியே எழுதப்பட்டன. பெரியவர் எப்படி நடந்தாலும் அது ஒழுக்கம் என்றே கொள்ளப்பட்டது. அந்த நம்பிக்கை உடைந்த கதை கசப்பானது. 1995-இல் பிரிட்டனில், ஒலிம்பிக் அணிக்கே பயிற்சி தந்த ஒருவர், தம்மிடம் பயின்ற இளம் பெண்களுக்கு இழைத்த பாலியற் கொடுமைகளுக்காகச் சிறை சென்றார். பயிற்சியாளர் சொற்படி நட என்று பழக்கிய விதியே அவர்களை ஊமையாக்கியது. விளையாட்டுத் துறையில் குழந்தைகளைக் காப்பதற்கெனத் தனிப்பிரிவு ஒன்று 2001-இல் அந்நாட்டில் அமைந்தது. நம் நாட்டிலும் குழந்தைகளுக்கு எதிரான பாலியற் குற்றங்களுக்கென 2017-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமலிருப்பது அச்சட்டப்படி குற்றம்.

இதன்பின் நல்ல சங்கங்களின் விதிநூல் இருபுறமும் பேசத் தொடங்கிற்று. உடைமாற்றும் அறையில் எவரும் கைப்பேசியைக் கையில் எடுக்கக்கூடாது. பயிற்சியாளர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது, தனிச்செய்தி அனுப்பக்கூடாது. பெற்றோர் கரையிலிருந்து பிள்ளையைத் திட்டக்கூடாது. தோற்றவனைப் பிறர் முன் இகழக்கூடாது. மனத்துக்கு ஒவ்வாதது நடந்தால் யாரிடம் சென்று சொல்லலாம் என்பதைச் சேர்ந்த அன்றே பிள்ளைக்குக் காட்ட வேண்டும். 'சார் சொன்னால் கேள்' என்பதோடு, 'சார் தவறு செய்தால் எங்களிடம் சொல்' என்றும் வீட்டில் சொல்லிப் பழக்க வேண்டும். நம் சமூகத்தில் இந்த இரண்டாவது சொல் இன்னும் அரிதாகவே ஒலிக்கிறது.

நாம் செய்யத்தக்கது

உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய காற்பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பினாங்கும் இத்துயரத்தை அறியாததன்று. 2010 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் கரையை ஒட்டிய கடலில் மாணவர் சென்ற டிராகன் படகு கவிழ்ந்து, ஓர் ஆசிரியரும் மாணவர் ஐவரும் மாண்டனர்.

சங்கமும் சலவைக்கல் குளமும் இல்லாமலே பிள்ளைகளைக் காக்கலாம் என்பதை வங்காளதேசம் காட்டியிருக்கிறது. அந்நாட்டுச் சிற்றூர்களில் ஊர்க்குளத்திலேயே மூங்கில் மேடை அமைத்து, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீரில் நடந்துகொள்ளும் முறையும் கற்பித்தனர். பயின்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்போர் தொகை பத்தில் ஒரு பங்கினும் குறைந்ததென 2012-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. மூங்கில் மேடை என்பது நம் பாட்டனார் கையிலிருந்த கயிற்றின் மறுவடிவமே.

தஞ்சோங் பூங்காவின் பழைய நிறத்தடை இன்றில்லை. பொதுக்குளங்களும் இத்தீவில் உண்டு. வாயிலில் நம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் வெள்ளைக்காரர் போய்விட்டார். இன்று அவ்விடத்தில் நாமே நின்றுகொண்டிருக்கிறோமோ என்று பெற்றோர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்ற கட்டளை, பிள்ளை நம் கண்ணெதிரில் இருக்கும் வரைதான் காக்கும். நீந்தக் கற்று, நீரின் விதிகளைக் காரணத்தோடு அறிந்த பிள்ளைக்கு அவ்வறிவு எங்கும் துணை வரும்.

கெலுகோரில் வாழும் பெற்றோர் அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துச் செல்லட்டும். வாயிலில் தொங்கும் பலகையின் முன் சற்று நின்று, ஒவ்வொரு விதியையும் படித்து, 'இது ஏன்?' என்று பிள்ளையைக் கேட்கட்டும். பிள்ளைக்குத் தெரியாததைத் தாம் விளக்கட்டும். தமக்கும் தெரியாவிடின் பயிற்சியாளரிடம் இருவருமாகச் சென்று கேட்கட்டும். முதல் நீச்சற்பாடம் அந்தப் பலகையின் முன்னேயே தொடங்கிவிடும்.